பகடை தவறும்போது பிறக்கும் கதை: ஒரு மேசை ஆட்டம் திரைப்படமான விதம்

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஹானர் அமாங் தீவ்ஸ்’ என்ற ஆங்கிலப் படம் 2023 மார்ச் 31 அன்று அமெரிக்காவில் வெளியானது. ஜொனதன் கோல்ட்ஸ்டீன், ஜான் ஃபிரான்சிஸ் டேலி என்ற இருவர் சேர்ந்து இயக்கிய அந்தப் படத்தை, வேலூர், காட்பாடி விடுதி அறைகளில் மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தவர்கள் பலர். பார்த்து முடித்ததும் அவர்களிடையே எழும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். இது ஒரு விளையாட்டிலிருந்து வந்த படம் என்கிறார்களே, அந்த விளையாட்டில் இந்தக் கதை இருக்கிறதா? பகடை உருட்டும் ஆட்டம் என்றால் அது சூதாட்டம் ஆகாதா? அந்த ஆட்டத்தை ஒருமுறைகூட ஆடாதவர் படத்தை முழுமையாக ரசிக்க முடியுமா?

மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற அந்த ஆட்டம் நடக்கும் முறையைப் புரிந்துகொண்டால், படத்தில் வெறும் நகைச்சுவையாகத் தோன்றிய பல காட்சிகள் ஏன் அப்படி அமைக்கப்பட்டன என்பது தானே விளங்கும். எனவே படத்தைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, மேசையிலிருந்து தொடங்குவோம்.

இது எந்த வகை ஆட்டம்

சதுரங்கத்திலும் கேரத்திலும் எதிராளி உண்டு. வெற்றி தோல்வி உண்டு. ஆட்டம் முடியும் கணம் உண்டு. பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டத்தில் இவை மூன்றும் இல்லை. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேச்சின் வழியாகவே ஒரு கதையை உருவாக்குகிறார்கள். கணினித் திரை தேவையில்லை. தாள், பென்சில், பகடைகள், விதிப் புத்தகம் ஆகியவை போதும். ஆட்டத்தின் அடிப்படை உறுப்புகள் மூன்று.

1. ஆட்ட நடத்துநர். ஆங்கிலத்தில் இவரை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். டன்ஜன் என்றால் நிலவறைச் சிறை. ஆட்டத்தின் வழக்கில், ஆபத்தும் புதையலும் ஒளிந்திருக்கும் எந்தச் சுரங்கமும் பாழடைந்த கட்டடமும் டன்ஜன்தான். உலகத்தை விவரிப்பது, வழியில் எதிர்ப்படும் காவலாளி, வணிகர், பூதம் ஆகிய அனைவருக்காகவும் பேசுவது, விதியில் ஐயம் வந்தால் தீர்ப்புச் சொல்வது ஆகியவை இவர் வேலை.

2. ஆட்டக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். போர்வீரர், பாணர், மந்திரவாதி, திருடர், இயற்கையின் துணைகொண்டு உருமாறுபவர் என்று பல வகைகள் விதிப் புத்தகத்தில் இருக்கின்றன. வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்ற ஆறு பண்புகளுக்கும் எண்மதிப்பு இட்டு, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வார்கள். அந்தத் தாள்தான் பாத்திரத்தின் சாதகக் கட்டம்.

3. பகடைகள். நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்டவை. இவற்றில் இருபது முகப் பகடையே பெரும்பாலான முடிவுகளைச் சொல்வது.

முதல் கேள்விக்கு இதிலேயே விடை கிடைத்துவிடுகிறது. ஆட்டத்தில் இந்தப் படத்தின் கதை இல்லை. சொல்லப்போனால் அதன் விதிகளில் எந்தக் கதையும் இல்லை. கதையை உண்டாக்கும் முறையும், அது நடப்பதற்கான உலகங்களும் மட்டுமே இருக்கின்றன. படம் ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ என்ற அத்தகைய ஓர் உலகத்தையும், அதிலுள்ள நெவர்விண்டர் என்ற நகரத்தையும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்குள் புதிய கதை ஒன்றைப் பின்னியது.

கூத்துக் களத்தில் நாம் அறிந்த ஒருவர்

ஆட்ட நடத்துநர் என்ற பொறுப்பு நம் பகுதிக்காரர்களுக்குப் புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் ஊர்களில், திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவின்போது பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடப்பதைப் பார்த்தவர்களுக்குக் கட்டியக்காரனைத் தெரியும். திரைக்குப் பின்னால் வேடதாரி வந்து நிற்கும்போது, “வந்திருப்பது யார், எந்த நாட்டு மன்னர்” என்று அவையோர் சார்பில் கேட்பவன் அவன். அடுத்த கணமே அரசனுக்குக் காவலாளி ஆவான், தூது போவான், ஊர்க்காரனாக நின்று அரசனையே கேலி செய்வான், கதை எங்கேயாவது நொண்டினால் ஒரு வார்த்தை போட்டு அதை நிமிர்த்தி விடுவான். கதைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் நிற்கும் உரிமை அவனுக்கு மட்டும் உண்டு.

ஆட்ட நடத்துநரும் இதையேதான் செய்கிறார். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. கூத்தில் கதை எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். பகடைத் துயில் நடக்கும் இரவில் தருமர் ஒருமுறையாவது சகுனியை வென்றுவிட மாட்டாரா என்று களத்தில் உட்கார்ந்திருக்கும் எவரும் ஐயத்தோடு பார்ப்பதில்லை. தோற்பார் என்று தெரிந்தேதான் நெஞ்சு பதைக்கிறது. மேசை ஆட்டத்தில், நடத்துநர் உட்பட ஒருவருக்கும் முடிவு தெரியாது. ஆட்டக்காரர் ஒரு முடிவெடுக்கிறார். பகடை அதை ஏற்கிறது அல்லது மறுக்கிறது. நடத்துநர் அதன் விளைவைச் சொல்கிறார். இந்த மூன்று அடிகளும் மாறி மாறி வருவதால்தான் அதற்கு ஆட்டம் என்று பெயர்.

பகடை இங்கே என்ன செய்கிறது

பகடை என்ற சொல்லுக்குத் தமிழில் நல்ல பெயர் இல்லை. திருக்குறளில் சூது என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பாரதத்தின் துயரம் அனைத்தும் ஒரு பகடைச் சபையில் தொடங்குகிறது. அதற்கு மேல், இந்தப் படம் வெளியான வாரங்களில் தமிழ்நாடே ஆன்லைன் ரம்மி பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பிய ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவைச் சட்டப்பேரவை 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அத்தகைய நேரத்தில் பிள்ளைகள் பகடையோடு உட்கார்ந்திருப்பதைக் காணும் பெற்றோர் கவலைப்படுவது நியாயமே.

ஆனால் சூதுக்கு இலக்கணம் பந்தயம். பணமோ பொருளோ வைத்து, அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனால்தான் சூது. இந்த ஆட்டத்தில் பந்தயப் பொருள் இல்லை. ஆட்டக்காரர்கள் ஒருவருக்கு ஒருவர் எதிரிகளும் இல்லை. எல்லோரும் ஒரே அணி. திண்ணையில் பாட்டியோடு ஆடும் தாயத்தில்கூட ஒருவர் காயை ஒருவர் வெட்டுவதுண்டு. இங்கே அதுவும் கிடையாது.

தாயத்தைச் சொன்ன பிறகு, அதை வைத்தே கணக்கைப் பார்த்துவிடலாம். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்கள். அவற்றில் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் 16 வகையில் விழலாம். அவற்றில் தாயம் விழ இரண்டே வகைதான்: ஒன்றில் வெறுமை, மற்றதில் ஒரு புள்ளி. ஆக எட்டு முறைக்கு ஒருமுறை. மூன்று விழ நான்கு வகைகள், ஆறுக்கு ஒன்று, இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டு ஆவதற்கும் ஒன்று. தாயக்கட்டையில் எல்லா எண்களும் சமம் அல்ல; நடு எண்கள் அடிக்கடி விழும்.

இருபது முகப் பகடை அப்படிப்பட்டதன்று. 1 முதல் 20 வரை எந்த எண்ணும் விழும் வாய்ப்பு ஒரே அளவு: 5 விழுக்காடு. ஒரு செயல் எவ்வளவு கடினம் என்பதை நடத்துநர் ஓர் எண்ணாக முடிவு செய்கிறார். மதில் ஏறுவதற்கு 15 என்று வைத்துக்கொள்வோம். ஏறுபவரின் திறமைக்கு 5 கூடுதல் உண்டென்றால், பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 20-ல் 11 முகங்கள் அவருக்குச் சாதகம். வாய்ப்பு 55 விழுக்காடு.

இதில் ஆட்ட விதிகளின் ஐந்தாம் பதிப்பு 2014-ல் ஓர் அழகான எளிமையைக் கொண்டுவந்தது. சூழ்நிலை சாதகமாக இருந்தால் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். பாதகமாக இருந்தால் சிறியதையே எடுக்க வேண்டும். அதே மதில் ஏற்றத்தில், நண்பர் கயிறு பிடித்துக்கொண்டால் வாய்ப்பு ஏறத்தாழ 80 விழுக்காடாக உயர்கிறது. மழையில் கல் வழுக்கினால் 30 விழுக்காடாகச் சரிகிறது. எவ்வளவு தேர்ந்த வீரரும் தவறலாம், எவ்வளவு தடுமாறுபவரும் ஒருமுறை ஜெயிக்கலாம் என்பதை ஆட்டம் எண்களால் உறுதி செய்கிறது. படத்தின் சுவை அனைத்தும் இந்த இடத்திலிருந்துதான் ஊறுகிறது.

அகழிக் கரையில் ஒரு காட்சி

ஆட்டம் நடக்கும் விதத்தைக் காட்ட ஒரு கற்பனைக் காட்சி உதவும். வேலூர்க் கோட்டையையே களமாகக் கொள்வோம். 16-ஆம் நூற்றாண்டின் கருங்கல் மதில், சுற்றிலும் அகழி, உள்ளே ஜலகண்டேசுவரர் கோயில், அதன் கல்யாண மண்டபத்துத் தூண்களில் பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் யாளிகளும் குதிரை வீரர்களும். இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. நடத்துநர் மூத்த மாணவர்; மற்ற மூவரும் அவரை அண்ணா என்று அழைப்பவர்கள்.

“நள்ளிரவு. அகழித் தண்ணி அசையாம கெடக்குது. மதில் மேல ஒரு காவலாளி தீவட்டியோட நடந்துட்டிருக்கான். என்ன செய்றீங்க?”

“அண்ணா, நான் சத்தம் இல்லாம நீந்திப் போறேன்.”

“போ. உருட்டு. பன்னெண்டு வேணும்.”

“நாலு. எனக்கு லாவகத்துல ரெண்டு இருக்குது. ஆறு.”

“பாதி தூரம் போயிட்ட. காலுக்குக் கீழ என்னமோ நகருது. தண்ணி கலங்கற சத்தம் கேட்டுக் காவலாளி நின்னுட்டான். ‘யார்ரா அது?’”

“இன்னாண்ணா இது! சரி, நான் பாணன்தானே. கரையிலேர்ந்து தவளை மாதிரி கத்தறேன். அவன் கவனம் என் பக்கம் திரும்பணும்.”

“தவளை மாதிரியா? உருட்டு பாப்போம்.”

“இருபது!”

இந்த இடத்தில் மேசையே அதிரும். 20 விழுந்துவிட்டதால் காவலாளி ஏமாந்து போவது மட்டுமல்ல, அந்தத் தவளைக் குரல் அவனுக்குத் தன் ஊர் ஏரியை நினைவூட்டியது என்று நடத்துநர் சொல்லலாம்; அவன் ஊர் எது என்று ஒருவர் கேட்கலாம்; அடுத்த அரை மணி நேரத்தில் அவன் இவர்களுக்கு நண்பனாகக்கூட ஆகிவிடலாம். நீந்துவதில் நேர்ந்த தோல்வி இல்லாவிட்டால் தவளை இல்லை. தவளை இல்லாவிட்டால் அந்தக் காவலாளிக்கு ஓர் ஊரும் இல்லை. திட்டமிட்டு எழுதும் ஒருவர் இந்தக் கதைக்கு வந்து சேர்ந்திருக்கவே மாட்டார்.

ஆட்டம் வந்த வழி

பிரஷ்ய ராணுவ அதிகாரிகளுக்குப் போர்ப் பயிற்சி தருவதற்காக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான மேசைப் போர் ஆட்டத்திலேயே நடுவர் ஒருவர் இருந்தார். அந்த மரபு அமெரிக்கப் பொழுதுபோக்குக் குழுக்களுக்கு வந்து சேர்ந்தபோது, படைப்பிரிவுக்குப் பதிலாக ஒரே ஒரு மனிதரை ஆட்டக்காரர் ஏற்று நடத்தலாம் என்ற எண்ணம் தோன்றியது. டேவ் ஆர்னெசன் அதைச் சுரங்கங்களுக்குள் கொண்டுபோனார்; கேரி கைகாக்ஸ் அவரோடு சேர்ந்து விதிகளை எழுதினார். 1974-ல் மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய பெட்டியாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது. முதல் அச்சு 1,000 பெட்டிகள். வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனத்தை 1997-ல் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கியது. அதை 1999-ல் ஹாஸ்ப்ரோ வாங்கியது.

2000-ஆம் ஆண்டிலும் இதே பெயரில் ஒரு படம் வந்து தோற்றது. டிராகன்களும் மந்திரவாதிகளும் அதிலும் இருந்தார்கள். மேசையில் நடப்பது மட்டும் இல்லை. பெயர்களை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விட்டுவிட்டதே அதன் குறை என்பது என் முடிவு.

2023 படம் எதை எடுத்துக்கொண்டது

படத்தின் மையத்தில் இருப்பவர்கள் நான்கு பேர். பாணன் எட்ஜின், போர்வீராங்கனை ஹோல்கா, தன்மேல் நம்பிக்கையில்லாத மந்திரவாதி சைமன், உருமாறும் ஆற்றல் கொண்ட டோரிக். கிறிஸ் பைன், மிஷெல் ராட்ரிகஸ், ஜஸ்டிஸ் ஸ்மித், சோஃபியா லில்லிஸ் ஆகியோர் முறையே நடித்தார்கள். பழைய கூட்டாளி ஃபோர்ஜாக வரும் ஹியூ கிராண்ட், சிரித்தபடியே கழுத்தை அறுக்கும் வேடத்தை மிகவும் அனுபவித்துச் செய்திருக்கிறார். கதை எளிமையானது: சிறையிலிருந்து தப்பிய தந்தை, துரோகம் செய்த நண்பனிடமிருந்து மகளை மீட்க வேண்டும், இறந்த மனைவியை உயிர்ப்பிக்கும் பொருளையும் கைப்பற்ற வேண்டும். சுவை கதையில் இல்லை, ஒவ்வொரு காட்சியும் மேசை ஆட்டத்தின் ஒரு கணத்தைப் படம்பிடித்ததில் இருக்கிறது. நான்கு இடங்களை மட்டும் பார்ப்போம்.

1. தொடக்கக் காட்சி. எட்ஜினும் ஹோல்காவும் விடுதலைக் குழுவின் முன் நிற்கிறார்கள். எட்ஜின் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லத் தொடங்குகிறான், முடிப்பதாக இல்லை. ஆட்டத்தின் முதல் நாளில், ஒவ்வொரு ஆட்டக்காரரும் தன் பாத்திரத்தின் பூர்வ கதையை இப்படித்தான் விரித்துச் சொல்வார். இறக்கை முளைத்த குழு உறுப்பினர் ஒருவர் வரும்வரை நேரத்தைக் கடத்தி, அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சாளரத்தின் வழியாகக் குதிப்பது இவர்கள் திட்டம். குதித்துவிடுகிறார்கள். குழு ஏற்கெனவே இவர்களை விடுவிக்க முடிவு செய்திருந்தது. நடத்துநர் நேர்வழி ஒன்றைத் திறந்து வைத்திருக்க, ஆட்டக்காரர்கள் சுவரை உடைத்துக்கொண்டு போகும் இந்த நிலைமை, மேசையில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் பழக்கமானது.

2. கல்லறைக் காட்சி. ஒரு தலைக்கவசம் எங்கே போனது என்று அறிய, பழைய போரில் மாண்டவர்களை எழுப்பிக் கேட்கிறார்கள். விதிப் புத்தகத்தில் இதற்கான மந்திரம் இருக்கிறது. இறந்தவரிடம் ஐந்து கேள்விகள் வரைதான் கேட்கலாம் என்பது அதன் வரம்பு. படம் அந்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டது. ஆனால் பேச்சுவாக்கில் வாயிலிருந்து நழுவும் கேள்வியும் கணக்கில் சேர்ந்துவிடுவதால், பிணங்கள் ஒன்றுக்கும் உதவாத விடைகளைத் தந்துவிட்டு மீண்டும் சாய்கின்றன. மண்ணைத் தோண்டுவதும், ஐந்தை வீணாக்குவதும், அடுத்த குழிக்கு நடப்பதுமாகக் காட்சி நீள்கிறது. ஒரு விதியின் சொற்களுக்குள்ளேயே நகைச்சுவையைத் தேடி எடுத்த காட்சி இது. என் பார்வையில் படத்தின் மிகச் சிறந்த பத்து நிமிடங்களில் ஒன்று. கேள்வி பாக்கியிருக்கும் பிணம் ஒன்று இறுதிப் பெயர் வரிசையின் நடுவே இன்னும் காத்துக்கொண்டிருப்பதை எழுந்து போனவர்கள் தவறவிட்டிருப்பார்கள்.

3. பாலக் காட்சி. நிலத்தடியில் ஒரு பழைய பாலம். அதைக் கடக்கும் முறையை, எதிலும் தவறாத வீரன் ஸெங்க் அடுக்கடுக்காக விளக்குகிறான். விளக்கம் முடிவதற்குள் சைமனின் கால் ஒரு கல்லில் பட்டுவிட, பாலம் மொத்தமாகச் சரிகிறது. நடத்துநர் இரவெல்லாம் கண் விழித்து அமைத்த புதிரை ஆட்டக்காரர் ஒரு நொடியில் பாழாக்கும் தருணம் இது. அடுத்து நடப்பதுதான் இன்னும் நுட்பமானது. ஹோல்கா கையில் இருந்த சாதாரணக் கைத்தடி, இரண்டு இடங்களுக்கு நடுவே வாயில் திறக்கும் மந்திரக் கோல் என்று திடீரெனத் தெரியவருகிறது. வேறு படத்தில் இதைத் திரைக்கதையின் ஓட்டை என்றே சொல்லியிருப்போம். மேசையில் இது நடத்துநர் தரும் கைகொடுப்பு. வழி அடைபட்டு ஆட்டம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக, எப்போதோ ஒருவர் தாளில் எழுதிவைத்த பழைய தடிக்கு அவர் அங்கேயே ஒரு வரலாறு உண்டாக்கிக் கொடுப்பார். கட்டியக்காரன் கதையை நிமிர்த்துவதும் இதே வேலைதான்.

4. ஓவியக் காட்சி. அந்தக் கோலைக் கொண்டு ஓர் ஓவியத்தில் வாயில் திறந்து, ஓவியத்தை ஃபோர்ஜின் பெட்டகத்துக்குள் அனுப்பி, அதன் வழியே நுழைவது திட்டம். குறையே இல்லாத திட்டம். பெட்டகத்துக்குள் ஓவியம் குப்புற விழுந்துவிடுகிறது. வாயில் தரைக்கல்லைப் பார்த்துத் திறக்கிறது. கல்லில் முட்டிக்கொண்டு நிற்கும் இந்தத் தோல்வியை ஒரு பகடை எண்ணாகவே பார்க்கலாம்: யாரோ 1 போட்டுவிட்டார்கள்.

நான்கிலும் ஒரே அமைப்பு இருப்பதைக் கவனிக்கலாம். முயற்சி, தவறு, அந்தத் தவறிலிருந்து புதிய வழி. பெரும்பாலான சாகசப் படங்களில் நாயகனின் திட்டம் பலிப்பதே மகிழ்ச்சி. இங்கே திட்டம் ஒவ்வொன்றாகத் தோற்கிறது. திட்டம் போடுபவனான எட்ஜினின் ஒரே திறமை, அடுத்த திட்டத்தைப் போடுவது. இயக்குநர்கள் படமாக்கியது ஆட்டத்தின் விதிகளை அல்ல, அதை ஆடுபவர்களின் நடத்தையை. டேலி சிறுவனாக நடித்த தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் கடைசிப் பகுதியில் இந்த ஆட்டத்தையே ஆடுவார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் கேள்விக்கும் இதுவே விடை. ஆடாதவர் ரசிப்பதற்குத் தடை எதுவும் இல்லை. பாலம் இடிவது யாருக்கும் சிரிப்பைத் தரும். ஆடியவருக்கு, பாலத்துக்குப் பின்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு நடத்துநரும் தெரிவார்.

விதி மீறல் என்று சொல்லப்பட்ட இடங்கள்

தேர்ந்த ஆட்டக்காரர்கள் படத்தில் சில பிழைகளைச் சுட்டிக்காட்டினார்கள். அவை உண்மையானவையே. டோரிக் ஆந்தை முகமும் கரடி உடலும் கொண்ட பிராணியாக மாறுகிறாள். 2014 விதிகளின்படி அவள் வகையினர் விலங்குகளாக மட்டுமே மாற முடியும், அந்தப் பிராணியோ விலங்கு என்ற பிரிவில் இல்லை. மேலும், ஓய்வெடுக்காமல் இரண்டு முறைக்கு மேல் உருமாற இயலாது. கோட்டையிலிருந்து தப்பும் காட்சியில் அவள் ஈ, எலி, பருந்து, பூனை, மான் என்று ஒரே மூச்சில் மாறிக்கொண்டே ஓடுகிறாள். பாணன் வகையினருக்கு விதிப் புத்தகம் மந்திரங்களைத் தருகிறது. எட்ஜின் ஒரு மந்திரமும் போடுவதில்லை, யாழால் அடிக்கத்தான் செய்கிறான்.

ஆனால் இதே விதிப் புத்தகம், நடத்துநர் விரும்பினால் விதியைத் தளர்த்தலாம் என்றும் அனுமதிக்கிறது. ஒவ்வொரு மேசைக்கும் வீட்டு விதிகள் உண்டு. தாயத்தில் விருத்தம் போட்டால் மறு ஆட்டம் உண்டா இல்லையா என்பதில் தெருவுக்குத் தெரு வழக்கம் மாறுவதைப் போல. அந்த உருமாற்ற ஓட்டத்தை இரண்டு முறையோடு நிறுத்தியிருந்தால் விதி பிழைத்திருக்கும், காட்சி செத்திருக்கும்.

வசூலும் உரிமமும்

படத்தின் செலவு ஏறத்தாழ 15 கோடி டாலர். உலகளாவிய வசூல் ஏறத்தாழ 20.8 கோடி டாலர். வசூலில் கணிசமான பகுதியைத் திரையரங்குகள் எடுத்துக்கொள்ளும் என்பதையும் விளம்பரச் செலவு தனி என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது இழப்பே. ஒரு வாரம் முன்னால் ஜான் விக் வரிசையின் நான்காம் படமும், சில நாள்கள் கழித்து மாரியோ அனிமேஷன் படமும் வந்தன. நடுவில் இது நசுங்கியது.

அதே காலத்தில் வேறொரு சச்சரவும் இருந்தது. இந்த ஆட்டத்தின் அடிப்படை விதிகளைப் பயன்படுத்திப் பிறரும் புத்தகங்கள் வெளியிட, 2000-ஆம் ஆண்டு முதல் ஒரு திறந்த உரிமம் அனுமதி தந்துவந்தது. 2023 ஜனவரியில் அதை இறுக்கும் வரைவு ஒன்று கசிந்தது. சிறு பதிப்பாளர்களும் ஆட்டக்காரர்களும் கடுமையாக எதிர்த்தார்கள்; சிலர் படத்தையே புறக்கணிக்கப் போவதாக அறிவித்தார்கள். ஜனவரி 27 அன்று விசர்ட்ஸ் நிறுவனம் பின்வாங்கியது. பின்வாங்கியதோடு நிற்காமல், ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதி ஆவணத்தைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். எவரும் அந்த ஆவணத்தை மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஒருமுறை கொடுத்த அந்த அனுமதியைத் திரும்பப் பெற இயலாது. படத்தின் பாத்திரங்களும் அதன் உலகத்துக்கே உரிய பெயர்களும் இதில் அடங்கா.

தமிழ் வாசகர்களுக்கு, படத்தின் வசூலைவிட இந்தச் செய்தியே முக்கியமானது. அடிப்படை விதிகளைத் தமிழில் கொண்டுவருவதற்குச் சட்டத் தடை இல்லை.

தமிழில் ஆட வேண்டுமானால்

மொழிபெயர்ப்பில் சொற்கள் பெரிய சிக்கல் அல்ல. பாணர், மறவர், சித்தர் என்று நம்மிடம் ஆயத்தமான பாத்திர வகைகள் இருக்கின்றன. நடத்துநரைக் கட்டியக்காரர் என்று அழைப்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. கடினமான கேள்வி பகடையில்தான் வருகிறது. இருபது முகப் பகடை எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. தாயக்கட்டை பல வீடுகளில் இருக்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியுமா?

முடியும், ஆனால் எண்களை அப்படியே மாற்றி வைக்க முடியாது. இருபது முகப் பகடையில் ஒரு புள்ளி கூடினால் வாய்ப்பு 5 விழுக்காடு கூடும். தாயக்கட்டையில் இலக்கு 4 என்று வைத்தால், 4, 5, 6, 12 ஆகியவை விழும் வகைகள் 16-ல் 7. வாய்ப்பு 44 விழுக்காடு. இலக்கை 3-ஆகக் குறைத்தால் அது 11 வகைகளாகி 69 விழுக்காட்டுக்குத் தாவுகிறது. 5-ஆக உயர்த்தினால் 4 வகைகளாகி 25-க்கு விழுகிறது. பாத்திரத்தின் தாளில் ஒரே ஒரு புள்ளி கூடுதலாக இருப்பதே இங்கே பெரிய வரம். ஆங்கில ஆட்டத்தைப் போல ஐந்தும் ஆறும் அள்ளிக் கொடுக்க இயலாது. எண்ணில் மிகச் சிறியதான தாயத்தை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. தாயம் விழுந்தால் மகிழ்வது நம் வழக்கம். அதைத் தோல்வி என்று சொன்னால் மேசையில் யாரும் ஏற்க மாட்டார்கள். இலக்கு எதுவானாலும் தாயம் வெற்றியே என்று விதி செய்துவிட்டால், இலக்கு 4-க்கான வாய்ப்பு 56 விழுக்காடாகிறது. முன்னே மதில் ஏறியவரின் 55 விழுக்காட்டுக்கு ஒரு புள்ளிதான் வேறுபாடு.